ரத்தத்துக்கும் நேரம் காலம் உண்டு

போன மாசம் வில்லியனூர்ல ஒரு லேப் வாசல்ல அசடு வழிஞ்ச கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

சர்க்கரை பார்த்துடுங்கன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெறும் வயித்தோட வரணும்னு லேப்ல சொல்லி அனுப்பியிருந்தாங்க. வெறும் வயிறுதானே? இட்லி சாப்பிடல, தோசை சாப்பிடல. வழியில டீக்கடை வாசனை இழுத்துச்சு, ஒரே ஒரு டீ. அவ்வளவுதான்.

"சார், ஏதாவது சாப்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. ஒரு டீ மட்டும்."

"சர்க்கரை போட்டா?"

"அரை சர்க்கரைதான்."

அந்தப் பொண்ணு ஊசியை எடுத்த இடத்துலயே வச்சுட்டு, "நாளைக்கு வாங்க சார்"ன்னு சிரிச்சுச்சு. பின்னாடி வரிசையில நின்ன பெரியவர் ஒருத்தர், "அதென்னம்மா, ரத்தம் எப்ப எடுத்தாலும் ரத்தம்தானே?"ன்னு எனக்காகப் பரிஞ்சு பேசினார். நல்ல மனுஷன். ஆனா பதில் எனக்குத் தெரியும். ரத்தம் எப்ப எடுத்தாலும் ஒண்ணு இல்லைங்கிற பாடத்தை நான் நாப்பது வருசத்துக்கு முன்னாடியே, எங்க வீட்டுத் திண்ணையில, ராத்திரி பத்து மணிக்குப் படிச்சவன். படிச்சும் டீ குடிச்சேன்கிறது வேற விஷயம் :-)

இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். வழக்கமா பதிவுல கொசுவத்தி சுத்தறதுன்னா பழைய கதை சொல்றதுன்னு அர்த்தம். இந்தப் பதிவுக்கு அது நெசமாவே பொருந்தும், ஏன்னா கதையில கொசுவும் உண்டு.

1980களின் நடுவுல, நான் ஆறாவதோ ஏழாவதோ படிச்சிட்டிருந்தப்போ. வில்லியனூர் கொம்யூன்ல எங்க கிராமம். (வெளியூர் நண்பர்களுக்கு: பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் விட்டுட்டுப்போன 'கொம்யூன்' இன்னும் எங்க பஞ்சாயத்துப் பலகைகள்ல இருக்கு.) ஒருநாள் சாயந்திரம் தண்டோரா போட்டாங்க. ராத்திரி சுகாதாரத்துறை ஆளுங்க வருவாங்க, யாரும் சீக்கிரம் கதவைச் சாத்திடாதீங்க, எல்லாரும் ரத்தம் கொடுக்கணும்னு.

ஊரே கலவரமாயிடுச்சு. பகல்ல வர்றவன் கவர்மெண்ட் ஆளு, ராத்திரியில ரத்தம் கேட்டு வர்றவன் யாரு? அன்னைக்குப் பசங்க எல்லாம் பேய்க்கதை பேசியே பாதி செத்துட்டோம்.

எட்டரை, ஒம்போது மணிக்கு மேல மூணு பேர் வந்தாங்க. கையில டார்ச், ஒரு மரப்பெட்டி, அதுல வரிசையா கண்ணாடிச் சில்லுங்க. திண்ணையில அரிக்கேனை வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தர் இடதுகை விரலையும் பஞ்சால துடைச்சு ஒரு குத்து. வர்ற ரத்தத்தைச் சின்னக் குழாய்ல உறிஞ்சி, கண்ணாடி மேல கோடு கோடா இழுத்தாங்க. நோட்டுல பேர், வயசு, சில்லு நம்பர். தூங்கிட்டிருந்த என் தங்கச்சியை எழுப்பிக் குத்தினதுல அவ அழுத அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

எங்க ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். (எங்க பக்கம் பாட்டிக்கு ஆயான்னுதான் சொல்லுவோம்.) நான் பார்த்த நாள்ல இருந்தே அந்தக் கால் அப்படித்தான். வருசத்துல மூணு நாலு தடவை தொடையிடுக்குல நெறி கட்டும், குளிர் ஜுரம் வரும், ஒருவாரம் படுத்துடுவாங்க. ஜுரம் போகும், ஆனா போகும்போது காலை இன்னும் கொஞ்சம் தடிக்க வச்சுட்டுப் போகும். எங்க வீட்டுலயும் சரி, ரத்தம் எடுக்க வந்தவங்களைச் சுத்தி நின்ன ஜனங்களும் சரி, எல்லாரும் நெனச்சது ஒண்ணுதான். ஆயா ரத்தத்துல புழு இருக்கும், நம்ம யாருக்கும் இருக்காது.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்தாங்க. ஆயா ரத்தத்துல ஒண்ணும் இல்லை. சித்தப்பா ரத்தத்துல இருக்கு.

சித்தப்பாவுக்கு அப்போ இருபத்திரெண்டு வயசு. கபடி ஆடுவார். ஒரு தலைவலின்னுகூடப் படுத்ததில்ல. "சில்லு மாறிப் போச்சுப்பா, நம்பரைத் தப்பா எழுதிட்டாங்க"ன்னு ஊரே சொல்லிச்சு. நானும் ரொம்ப வருசம் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்.

சில்லு மாறவே இல்லை. அதை நான் புரிஞ்சுக்கறதுக்கு யானைக்கால் நோயோட வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டியிருந்துச்சு. அதைத்தான் உங்களோட பகிர்ந்துக்கப் போறேன். டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, லேப் டெக்னீஷியனும் இல்லை. படிச்சதைச் சொல்ற ஆளு.

யானைக்காலை நம்ம ஜனங்களுக்கு ரொம்ப காலமாவே தெரியும். கும்பகோணம்னாலே கொழுந்து வெத்தலைக்கு அடுத்தபடி யானைக்கால்னு கிண்டல் பண்ற வழக்கம் இருந்துச்சு. கேரளத்துல சேர்த்தலைக்கும் இதே அவப்பெயர். ஆனா அந்த வீக்கத்துக்குப் பின்னால ஒரு புழு இருக்குங்கிறது 19ஆம் நூற்றாண்டு பாதிக்கு மேலதான் தெரிஞ்சுது. 1863ல் பாரீஸ்ல தெமார்கே என்ற அறுவை மருத்துவர், விரைவீக்கத்தோட வந்த ஒருத்தரோட நீரை எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தப்போ, நெளியற ஒரு நுண்புழுவைக் கண்டார். 1866ல் பிரேசில்ல வூக்கரர் என்பவர், பால் மாதிரி வெள்ளையாப் போற சிறுநீர்ல அதே மாதிரிப் புழுவைப் பார்த்தார். 1872ல் நம்ம கல்கத்தாவுல திமோத்தி லூயிஸ் அதை மனுஷ ரத்தத்துலயே பார்த்துட்டார். 1876ல் ஆஸ்திரேலியாவுல ஜோசப் பான்கிராஃப்ட், நிணநீர்க் குழாய்ல குடியிருக்கற தாய்ப்புழுவைக் கண்டுபிடிச்சார். இந்தப் புழுவோட அறிவியல் பெயரான 'வூக்கரேரியா பான்கிராஃப்டி'யில ரெண்டு பேரு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கு.

அடுத்து வர்றவர்தான் நம்ம கதாநாயகன். பாட்ரிக் மான்சன், ஸ்காட்லாந்துக்காரர். சீனாவுல அமோய் துறைமுகத்துல சுங்க இலாகா டாக்டர். 1877ல் தன் தோட்டக்காரர் ஹின் லோவைக் கொசுக்கடிக்கு நடுவுல தூங்க வச்சார். ஹின் லோ ரத்தத்துல நுண்புழு உண்டு. அவரைக் கடிச்ச கொசுக்களைப் பிடிச்சு அறுத்துப் பார்த்தார். கொசு வயித்துக்குள்ள போன புழு சாகல, வளர்ந்துச்சு! ஒரு பூச்சிக்குள்ள மனுஷ நோய்க்கிருமி வளருதுன்னு காட்டினது அதுதான் முதல் தடவை. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல மலேரியாவுக்கு அதைக் காட்டினது அதுக்கு 20 வருசம் கழிச்சு, 1897ல். (அதே 1877லதான் பிரான்சுல இருந்து எங்க வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு மாதா சொரூபம் வந்து சேர்ந்துச்சு. சம்பந்தம் ஒண்ணும் கிடையாது, எங்க ஊர்க்காரனுக்கு வருசம் ஞாபகம் வச்சுக்க ஒரு வழி.)

மான்சனுக்கு ஒரு குழப்பம் இருந்துச்சு. ஒரே ஆளோட ரத்தம், ஒரு சமயம் பார்த்தா புழு ஏராளம், இன்னொரு சமயம் பார்த்தா ஒண்ணுமே இல்லை. ரெண்டு உதவியாளர்களை வச்சார். ஒருத்தருக்குப் பகல் டியூட்டி, இன்னொருத்தருக்கு ராத்திரி டியூட்டி. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து எண்ணச் சொன்னார். கணக்கு எழுதிப் பார்த்ததும் விஷயம் வெளிய வந்துச்சு. பொழுது சாஞ்சதும் நுண்புழு ரத்தத்துல வர ஆரம்பிக்குது, நடுராத்திரியை ஒட்டி உச்சம், விடியும்போது காணாமப் போயிடுது. தினமும், தவறாம. இதை மான்சன் சொன்னப்போ, "புழுவெல்லாம் கடிகாரம் கட்டிக்கிட்டுத் திரியுதா?"ன்னு கிண்டல் பண்ணாங்கன்னு சொல்றதுண்டு.

சரி, பகல்ல அதெல்லாம் எங்க போகுது? பின்னாளில் மான்சனோட நோயாளி ஒருத்தர் இறந்துபோனப்போ விடை கிடைச்சுது. நுண்புழுக்கள் கூட்டம் கூட்டமா நுரையீரலோட நுண்ணிய ரத்தக்குழாய்கள்ல ஒளிஞ்சிருந்துச்சு. பகல் முழுக்க அங்கதான் முகாம்.

ஏன் இந்த ஒளிவுமறைவு? நம்ம பக்கம் இந்த நோயைப் பரப்பறது க்யூலெக்ஸ் கொசு. சாக்கடை, செப்டிக் டேங்க், தேங்கின அழுக்குத் தண்ணியில முட்டையிடற ஜாதி. அது கடிக்கறது ராத்திரியில. அதனால புழுவும் ராத்திரியிலதான் தோலுக்குப் பக்கத்துல வந்து நிக்குது, கொசுவண்டியைப் பிடிக்க. தென்பசிபிக் தீவுகள்ல சிலதுல பகல்ல கடிக்கற ஏடிஸ் கொசு இதைப் பரப்புது. அங்க இருக்கற நுண்புழு பகல்லயும் ரத்தத்துல சுத்தும். நம்ம நிக்கோபார்லயும் சில தீவுகள்ல அப்படித்தான். கொசு மாறினா புழுவோட கடிகாரமும் மாறுது. 1881ல் லண்டன்ல ஸ்டீபன் மெக்கன்சி என்பவர் ஒரு நோயாளியைப் பகல்ல தூங்க வச்சு ராத்திரி முழிக்க வச்சுப் பார்த்தார். சில நாள்லயே புழுவும் பகல்ல வெளிய வர ஆரம்பிச்சுடுச்சு! நைட் ஷிப்ட் பார்க்கற நம்ம ஐ.டி. நண்பர்கள் கவனிக்கவும்.

ஆக, எங்க திண்ணைக்கு ராத்திரி ஆள் வந்த ரகசியம் இதுதான். பகல்ல எடுத்தா எல்லா சில்லும் சுத்தமா இருக்கும். நோய் இல்லாததால இல்லை, நேரம் தப்பினதால.

இனி அந்த சில்லு விஷயம். ராத்திரி எடுத்த ரத்தக்கோடு காய்ஞ்சதும், மறுநாள் லேப்ல அதைத் தண்ணியில நனைச்சு சிவப்புச் சாயத்தைப் போக்குவாங்க. அப்புறம் ஜீம்சாவோ ஜே.எஸ்.பி. சாயமோ ஏத்தி மைக்ராஸ்கோப்ல வச்சு எண்ணுவாங்க. ஒரு மில்லிமீட்டர்ல கால்பாகம் நீளம், வளைஞ்ச நூல் மாதிரி. அது எந்த ஜாதின்னு கண்டுபிடிக்க வால் நுனியைப் பார்க்கணும். நுனியில புள்ளி இல்லாட்டி பான்கிராஃப்டி, ரெண்டு புள்ளி தனியா இருந்தா சேர்த்தலைப் பக்கம் இருந்த மலாயி ஜாதி. வழக்கமா எடுக்கற ரத்தம் 20 கன மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லியில அம்பதுல ஒரு பங்கு. உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம்னு வச்சுக்கிட்டா, சில்லுல இருக்கறது ரெண்டரை லட்சத்துல ஒரு பங்கு. அந்தத் துளியூண்டுல ஒரு புழு மாட்டினா உள்ள எத்தனை இருக்கும்னு நீங்களே பெருக்கிக்கோங்க. இதுக்கு மறுபக்கமும் உண்டு. உள்ள குறைச்சலா இருந்தா அந்தத் துளியில மாட்டாமலே தப்பிச்சுடும்.

ஆயாவுக்கு இல்லை, சித்தப்பாவுக்கு உண்டுங்கறது எப்படி? அதுதான் இந்த நோயோட பெரிய சூது. தாய்ப்புழு நிணநீர்க் குழாய்ல அஞ்சாறு வருசம் உசிரோட இருந்து லட்சக்கணக்குல நுண்புழுக்களை ரத்தத்துக்குள்ள விட்டுட்டே இருக்கும். அந்த சமயத்துல ஆளுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. கபடி ஆடலாம், ஏர் ஓட்டலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். நிணநீர்க் குழாய் கெட்டுப்போய், அடிக்கடி கிருமித்தொத்து வந்து, கால் தடிக்கறது ரொம்ப வருசம் கழிச்சு. அந்தக் கட்டத்துல பெரும்பாலானவங்க ரத்தத்துல நுண்புழு இருக்காது. எல்லாரும் பார்த்து ஒதுங்கின எங்க ஆயாகிட்ட இருந்து கொசுவுக்குக் கிடைக்க ஒண்ணும் இல்லை. எல்லாரும் தோள்ல கைபோட்டுத் திரிஞ்ச சித்தப்பாகிட்ட இருந்துதான் தெருவுக்கே பரவிட்டிருந்துச்சு.

எவ்வளவு கெட்டிக்கார டாக்டரா இருந்தாலும், நாடி பிடிச்சு, கண்ணு நாக்கு பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது. கால் வீங்கினவரைக் காட்டறதுக்குக் கண்ணு போதும். வீங்கப்போறவரைக் காட்டறதுக்கு சில்லு வேணும், அதுவும் சரியான நேரத்துல எடுத்த சில்லு.

எங்க ஊர் இதுக்குள்ள எப்படி வந்துச்சு? பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரங்க 1823லயே மருத்துவப் பள்ளி தொடங்கிட்டாங்க. அதோட தொடர்ச்சியாத்தான் இன்னைக்கு ஜிப்மர் தன் வரலாற்றைச் சொல்லுது. ஜிப்மர்ங்கற பேரும் உருவமும் 1964ல் வந்துச்சு. 1954 நவம்பர் 1ல் பாண்டிச்சேரி இந்தியாவோட கைக்கு வந்த அடுத்த வருசமே, 1955ல், தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்தியாவுல தொடங்குச்சு. அதோட முறைதான் நான் பார்த்த ராத்திரி ரத்தம், 12 நாள் மாத்திரை, கொசுப்புழு ஒழிப்பு. 1975ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு கொசு ஆராய்ச்சி நிலையத்தை (அதிகாரப்பூர்வமா சொன்னா, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம்) பாண்டிச்சேரியில, ஜிப்மருக்குப் பக்கத்துல இந்திரா நகர்ல வச்சாங்க. நம்மாளுங்களுக்கு அது சுருக்கமா வி.சி.ஆர்.சி. இயக்குநரா இருந்த பி.கே. ராஜகோபாலன் தலைமையில 1981ல் இருந்து 85 வரைக்கும், பாண்டிச்சேரி நகரத்துல யானைக்காலைக் கொசு வழியாவே மடக்கிப் பார்க்கற பெரிய சோதனை நடந்துச்சு. மருந்தடிக்கறதை மட்டும் நம்பாம, சாக்கடையைச் சரி பண்றது, குட்டைகள்ல மீன் விடறது, கொசு முட்டையிடற இடத்தை மூடறதுன்னு எல்லாத்தையும் சேர்த்துச் செஞ்சாங்க. ராஜகோபாலனுக்கு 1990ல் பத்மஸ்ரீ கிடைச்சுது.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க கொம்யூன்ல ராமநாதபுரத்துல ஜிப்மரோட கிராமப்புற சுகாதார மையம் இருக்கு. (சேதுபதி ராமநாதபுரம் இல்லை, இது வேற.) ராமநாதபுரம், பிள்ளையார்குப்பம், தொண்டமாநத்தம், துத்திப்பட்டு கிராமங்களுக்கு அதுதான் வைத்தியசாலை, டாக்டருக்குப் படிக்கறவங்களுக்கு அதுதான் கிராமத்தைக் கத்துக்கற பள்ளிக்கூடம். பாகூர் கொம்யூன்லயும் ஒரு பிள்ளையார்குப்பம் இருக்கு, கடலூர் ரோட்டுல. அங்க இன்னைக்குப் பெரிய மருத்துவக் கல்லூரி. கிருமாம்பாக்கத்துல ஒண்ணு, எங்க பக்கம் அரியூர்ல ஒண்ணு. ஒரு காலத்துல சில்லு எண்ண ஆள் தேடி ராத்திரி டார்ச் அடிச்சுட்டு வந்த ஊர்ல, இப்போ ஏர் ஓட்டின நிலத்துலயே தானியங்கி மெஷின் வச்ச லேப் நிக்குது.

சித்தப்பா கதையை முடிக்கணும்.

அவருக்கு 12 நாளைக்கு மாத்திரை கொடுத்தாங்க. டி.இ.சி.ன்னு பேரு, 1947ல் இருந்து யானைக்காலுக்குப் பயன்படற மருந்து. முதல் நாள் சாயந்திரம் போட்டார். மறுநாள் உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, ஜுரம், தலைவலி. ஆயா கத்தினாங்க: "நல்லா இருந்த புள்ளைக்கு விஷத்தைக் குடுத்துட்டுப் போயிட்டானுங்க. ஒரு நாள் படுத்திருப்பானா இவன்?" மீதி மாத்திரை வாய்க்கால்ல போச்சு. சித்தப்பாவும் எதிர்த்துப் பேசல. ஒரு வியாதியும் இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரைன்னு அவருக்கும் உள்ளுக்குள்ள எண்ணம்.

அந்த ஜுரம் எதுக்கு வந்துச்சுன்னு பின்னாடி படிச்சப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரத்தத்துல நுண்புழு நெறைய இருக்கறவங்களுக்குத்தான் மாத்திரை போட்டதும் அப்படி ஜுரம் வரும். கூட்டமா சாகற புழுவுக்கு உடம்பு காட்டற எதிர்ப்பு. புழு இல்லாதவன் அதே மாத்திரையைப் போட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அதாவது, மாத்திரை வேலை செய்யுதுங்கறதுக்கு அந்த ஜுரமே அத்தாட்சி. சில்லு மாறலைங்கறதுக்கும் அத்தாட்சி. "ரெண்டு நாள் ஜுரம் வரும், பயப்படாதீங்க, புழு சாகுதுன்னு அர்த்தம்"னு ஒரே ஒரு வரி யாராவது அன்னைக்குத் திண்ணையில உட்கார்ந்து சொல்லியிருந்தா ஆயா அந்த மாத்திரையைக் காவல் காத்துக் கொடுத்திருப்பாங்க. எங்க ஆயா முரடு இல்லை. அவங்களுக்கு யாரும் சொல்லல.

பத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சு சித்தப்பாவுக்கு விரைவீக்கம் வந்துச்சு. வந்ததே எங்களுக்குத் தெரியாது. வேட்டியைத் தழையக் கட்டிக்கிட்டு, கபடிக்குப் போறதை நிறுத்தி, வயக்காட்டு வேலையைக் குறைச்சு, சித்தியைத் தவிர யார்கிட்டயும் சொல்லாம ரொம்ப காலம் ஒளிச்சுட்டார். கடைசியில ஆபரேஷன் பண்ணி சரியாச்சு. அன்னைக்கு 12 நாளும் மாத்திரை போட்டிருந்தா இது வந்திருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்த மாத்திரை நுண்புழுவைக் கொல்ற அளவுக்குத் தாய்ப்புழுவை முழுசாக் கொல்றதில்லை. ஆனா வீட்டுல ஒருத்தர் வெக்கப்பட்டுக்கிட்டே கழிச்ச அந்த வருசங்களை நெனச்சா, வாய்க்கால்ல மிதந்துபோன அந்த மாத்திரைக் காகிதம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

ஆயா கதை வேற மாதிரி. சில்லுல ஒண்ணும் இல்லைன்னதும் அவங்களை விட்டுட்டாங்க, நாங்களும் விட்டுட்டோம். புழு இல்லைன்னா வைத்தியமும் இல்லைன்னு நெனச்சோம். தினமும் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குல ஈரம் இல்லாமத் துடைச்சு, புண்ணு வெடிப்புக்கு மருந்து போட்டு, உட்காரும்போது காலைத் தூக்கி வச்சுக்கிட்டாலே அந்தக் குளிர் ஜுரம் வர்றது குறையும், கால் மேலும் தடிக்காமப் பார்த்துக்கலாம்னு இப்போ எல்லா யானைக்கால் கிளினிக்லயும் சொல்லித் தர்றாங்க. இதுக்கு ரத்தம் வேணாம், மைக்ராஸ்கோப் வேணாம். ஒரு பக்கெட் தண்ணி போதும். 'இல்லை'ன்னு வந்த ரிப்போர்ட் ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில். அந்த மனுஷிக்குத் தேவை ஒண்ணுமில்லைங்கறதுக்கு அது பதில் இல்லை.

சரி, இப்போ ராத்திரி ரத்தம் எடுக்க வர்றாங்களா? ஒரு பெரிய மாற்றம் 1990கள்ல வந்துச்சு. ரத்தத்துல நுண்புழுவைத் தேடாம, தாய்ப்புழு கசியவிடற ஒரு புரதப் பொருளைத் தேடற அட்டை. கர்ப்பம் பார்க்கற அட்டை மாதிரியே கோடு விழும், பத்து நிமிஷத்துல பதில். முக்கியமான விஷயம், புழு நுரையீரல்ல ஒளிஞ்சாலும் அந்தப் பொருள் எந்நேரமும் ரத்தத்துல ஓடிட்டிருக்கும். பட்டப்பகல்ல பார்க்கலாம். மான்சன் கண்டுபிடிச்ச கடிகாரத்தை நூறு வருசம் கழிச்சு இந்த அட்டை கழட்டி வச்சுது.

2004ல் இந்தியா, சில்லு பார்த்து மாத்திரை கொடுக்கற முறையைத் தாண்டி, நோய் உள்ள மாவட்டங்கள்ல எல்லாருக்கும் வருசம் ஒரு தடவை மாத்திரைங்கற முறைக்கு வந்துச்சு. அது பலிச்சுதான்னு எப்படிப் பார்க்கறது? ஆறு, ஏழு வயசுப் பசங்களைப் பள்ளிக்கூடத்துலயே பரிசோதிக்கறாங்க. மாத்திரை தொடங்கினதுக்கப்புறம் பொறந்த குழந்தைகள் ரத்தத்துல புழுவோட தடம் இல்லைன்னா, ஊர்ல பரவறது நின்னுபோச்சுன்னு அர்த்தம். குழந்தைகள் விரல்ல எடுக்கற அந்தச் சொட்டுதான் ஊரோட ரிப்போர்ட். புதுச்சேரி இந்தப் பரீட்சையைத் தாண்டி, ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கறதை நிறுத்தின பகுதிகள்ல ஒண்ணு. இலங்கை நண்பர்கள் எங்களை முந்திட்டாங்க. 1947லயே தனி இயக்கம் தொடங்கின நாடு, யானைக்கால் பொது சுகாதாரப் பிரச்சினையா இல்லைன்னு 2016ல் உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சான்று வாங்கிட்டாங்க. இந்தியா முழுசுக்கும் இப்போ வச்சிருக்கற இலக்கு 2027.

இப்போ என் டீக்கு வர்றேன்.

சர்க்கரைக்கும் இதே கடிகாரச் சிக்கல்தான். சாப்பிட்டா ஏறும், பசிச்சா இறங்கும். அதனாலதான் எட்டு மணி நேரம் பட்டினி கிடந்து எடுத்தா 126க்குக் கீழயா மேலயான்னு ஒரு பொதுக்கணக்கு வச்சாங்க. நான் குடிச்ச அரை சர்க்கரை டீ அந்தக் கணக்கையே கெடுத்துடும். இதைவிட வேடிக்கை, எடுத்தப்புறமும் கடிகாரம் ஓடுது! குழாய்ல இருக்கற ரத்த அணுக்கள் உசிரோட இருக்கு, அதுங்களுக்கும் பசி உண்டு. சாதாரணக் குழாய்ல வச்சா மணிக்கு நூத்துக்கு அஞ்சு முதல் ஏழு பங்கு வரைக்கும் சர்க்கரையைத் தின்னுடும். கிராமத்துல காலையில எடுத்த ரத்தம், பஸ் ஏறி டவுன் லேப்புக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தா, சர்க்கரைக்காரருக்குக்கூட சர்க்கரை இல்லைன்னு வந்துடலாம். அதுக்குத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். உள்ள இருக்கற சோடியம் புளோரைடு அணுக்களோட வாயைக் கட்டும். அடுத்த தடவை மூடியோட கலரைக் கவனிச்சுப் பாருங்க, சும்மா அழகுக்கு இல்லை.

இங்கயும் கடிகாரத்தைக் கழட்ட ஒரு வழி வந்துச்சு. 1968ல் தெஹ்ரான்ல சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளிகள் ரத்தத்துல ஹீமோகுளோபின் கொஞ்சம் மாறியிருக்கறதைக் கவனிச்சார். சர்க்கரை அதுல ஒட்டிக்குது. சிவப்பணு வாழற நாள் சுமார் 120. அதனால எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பார்த்தா, கடந்த ரெண்டு மூணு மாசத்து வண்டவாளம் தெரிஞ்சுடும். இதுதான் எச்பிஏ1சி. பட்டினி வேணாம், டீ குடிச்சுட்டே போகலாம். 2011ல் உலக சுகாதார நிறுவனம், 6.5 சதவீதத்துக்கு மேல போனா சர்க்கரை நோய்னு இதை வச்சே சொல்லலாம்னு ஏத்துக்கிச்சு. ஆனா ரத்தசோகை இருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு பிசகலாம். எங்க பக்கம் நடவு நடற பொம்பளைங்கள்ல ரத்தசோகை இல்லாதவங்களைத் தேடணும். கடிகாரத்தைக் கழட்டினா வேற ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டியிருக்கு.

மறுநாள் தண்ணியைத் தவிர ஒண்ணும் குடிக்காம போனேன். அதே பொண்ணு ரத்தம் எடுத்துச்சு. "ரிப்போர்ட் சாயந்திரம் சார்." ரிப்போர்ட்ல 118. எல்லைக்குள்ளதான், ஆனா வேலியோரம். டாக்டர் பத்து நிமிஷம் உட்கார வச்சு, இந்த நம்பர் என்ன சொல்லுது, என்ன சொல்லல, எப்போ மறுபடி பார்க்கணும்னு பொறுமையாச் சொன்னார்.

அந்தப் பத்து நிமிஷத்துல எனக்கு ஆயா ஞாபகம் வந்துச்சு. அவங்க சில்லும் சரியான நேரத்துல எடுத்ததுதான், சரியா எண்ணினதுதான். சித்தப்பா சில்லும் அப்படித்தான். ராத்திரி கண்ணு முழிச்சு வந்த அந்த மூணு பேர் வேலையில குறையே இல்லை. அந்தச் சில்லுல இருந்த சேதி எங்க திண்ணை வரைக்கும் வந்துச்சு, எங்களுக்குப் புரியற பேச்சா மட்டும் வரல.

அதனால நண்பர்களே, வீட்டுல பெரியவங்களுக்கு டெஸ்ட் எடுத்தா காகிதத்தை ஃபைல்ல சொருகி வைக்காதீங்க. எதுக்கு எடுத்தாங்க, எப்போ எடுத்தாங்க, வந்த பதிலுக்கு என்ன அர்த்தம்னு கேட்டு, அவங்க பாஷையில அவங்களுக்குச் சொல்லுங்க. உங்க ஊர்ல ராத்திரி ரத்தம் எடுத்த ஞாபகம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. குறிப்பா கும்பகோணத்துக்காரங்க, சேர்த்தலைக்காரங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க. கொசுவத்தியை அணைச்சு வைக்காம காத்திருக்கேன்.